அது வேறு!

"வேலி அமைக்க விரும்புகிறேன். அனுமதி தருக."

"தருவதற்கில்லை."

"காரணம்?"

"குளக்கரையின் ஒத்திசைவு கெடும்."

"என் வீட்டிலிருந்து மூன்றாம் வீட்டில் இதே வேலி, இதே குளக்கரையில் நிற்கிறதே!"

"அது வேறு."

மேடைக்காக நாம் புனைந்த உரையாடலன்று இது, தோழர்களே! அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஒரு குடியிருப்பில் வீடு வாங்கி வாழும் நம் மூத்த தோழர் ஒருவருக்கும், அக்குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கும் இடையே மூன்று திங்களாக நடந்துவரும் கடிதப் போரின் சாறு. கல்லூரி விடுதியில் நமக்கு முன்னே பயின்றவர். நூலகத்துக்கு நம்மை அழைத்துச் சென்று, எதையும் ஏன் என்று கேட்கக் கற்றுத் தந்தவர். அன்று நமக்குக் கற்பித்த கேள்வியை இன்று கடல் கடந்த நாட்டில், ஐந்து பேர் கொண்ட செயற்குழு ஒன்றின் முன் கேட்டுக்கொண்டு நிற்கிறார். கேட்ட கேள்விக்கு வந்த விடைதான் மேலே கண்ட இரு சொற்கள்.

அவர் கேட்டது என்ன? மாளிகையா? மதிற்சுவரா? கோட்டையும் கொத்தளமுமா? ஐந்தடி உயரத்தில் கருப்பு நிற இரும்புக் கம்பி வேலி. கம்பிகளின் இடையே குளம் தெரியும், கொக்கு தெரியும், அக்கரையிலுள்ள வீட்டின் சாளரமும் தெரியும். செலவு முழுவதும் அவருடையது. நிலம் அவருடையது. பிறர் நிலத்தில் ஓர் அங்குலமும் அது கால் வைக்காது.

ஏன் கேட்டார் என்பதையும் கூறிவிடுவோம். அவருடைய மகனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம் என்று மருத்துவர்கள் கூறும் நிலை. இன்னும் பேச்சு வரவில்லை. அத்தகைய குழந்தைகளுள் பலர் கதவு திறந்த நொடியில் ஓடிவிடுவர். அதிலும் தண்ணீர் கண்டால் அதை நாடியே ஓடுவர். அவ்வாறு அலைந்து திரிகையில் நேரும் சாவுகளில் நீரில் மூழ்கிச் சாவதே மிகுதி என்பதை அத்துறை மருத்துவர் அறிவர். அத்தகைய குழந்தைகளைப் பெற்றோர் இன்னும் நன்றாக அறிவர். வீட்டின் பின்புறம், புல்வெளி முடிகிற இடத்தில் குளம். மழைநீர் தேங்குவதற்காகக் குடியிருப்பை அமைத்த நிறுவனத்தார் வெட்டிய குளம். இருமுறை அச்சிறுவன் கரைவரை சென்றுவிட்டான். இரண்டாம் முறை அவனைப் பற்றித் தூக்கி வந்தவர் அண்டை வீட்டு மூதாட்டி.

வேலியே பயிரை மேய்ந்தது என்று நம் சிற்றூர் மக்கள் கூறுவதுண்டு. வேலி போடாதே என்று தடுத்துவிட்டு, பயிரின் அழகைக் காக்கிறோம் என்போரைக் குறிக்க இன்னும் பழமொழி பிறக்கவில்லை. பிறக்க வேண்டும்!

சங்கம் என்றதும் நம் தெருமுனைச் சங்கங்களை எண்ணிவிடாதீர்கள். இங்கே சந்தா கொடுத்தால் உறுப்பினர். செயலாளரோடு சினந்தால் மறுநாளே வேறு சங்கம் காண்போம். அங்கே வீடு வாங்கும்போதே, பத்திரத்தோடு பிணைந்து வருகிறது உறுப்பினர் தகுதி. விலக வேண்டுமாயின் வீட்டை விற்க வேண்டும். 1970இல் அந்நாட்டில் இத்தகைய சங்கங்கள் ஏறத்தாழ 10,000. இன்று, அடுக்குமாடி வீடுகளின் சங்கங்களையும் சேர்த்து, அவை 3 இலட்சத்தைக் கடந்துவிட்டன. 7 கோடிக்கு மேற்பட்ட மக்கள் அவற்றின் ஆட்சிக்கு உட்பட்டு வாழ்கின்றனர். ஆட்சி என்ற சொல்லை நாம் மிகைபடக் கூறவில்லை. நகராட்சியின் அதிகாரத்துக்கு ஒப்பானது இச்சங்கங்களின் அதிகாரம் என்று கலிபோர்னிய நீதிமன்றங்களே கூறியுள்ளன. புல் எவ்வளவு உயரம் வளரலாம், கதவுக்கு எந்த வண்ணம் பூசலாம், குப்பைத்தொட்டி எந்த நேரம்வரை தெருவில் நிற்கலாம் என்று விதிக்கும். மீறினால் தண்டம். சந்தா நிலுவையென்றால் அக்கடன் வீட்டின்மீதே ஏறும். வீடே ஏலத்துக்குப் போவதும் உண்டு. ஈராக்கில் போர்ப்பணியில் இருந்த படை அதிகாரி ஒருவரின் வீடு, ஏறத்தாழ 800 டாலர் நிலுவைக்காக, 2008இல் இதே டெக்சாஸ் மாநிலத்தில் ஏலத்தில் போயிற்று. அது பெரிய செய்தியாகி, வழக்காகி, பின்னரே வீடு திரும்பக் கிடைத்தது.

இத்துணை அதிகாரம் படைத்தவர் எழுதிய மறுப்புக் கடிதம் எத்துணைப் பெரிது தெரியுமா? இரண்டே வரி!

கட்டிடமோ வேலியோ சுவரோ எழுப்புமுன் வரைபடத்தைக் குழுவிடம் அளிக்க வேண்டும். சுற்றுப்புறத்தோடு அதன் தோற்றம் ஒத்திசைகிறது என்று எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டும். ஒருவர் எழுதியதை ஒருவர் பார்த்து எழுதியதுபோல எண்ணற்ற குடியிருப்புகளின் பத்திரங்களில் காணப்படும் விதி இதுதான். (பல பத்திரங்களில், குறித்த நாட்களுக்குள் குழு விடை தராவிடின் ஒப்புதல் தந்ததாகவே கொள்ளப்படும் என்றும் ஒரு வரி இருக்கும். முப்பது நாள் என்பது பெரும்பாலும் காணப்படுவது. வீடு வாங்கும் மகிழ்ச்சியில் அவ்வரியைப் படிப்போர் சிலரே.) ஒத்திசைவு! எவ்வளவு இனிய சொல்! இசை இருக்கிறது அதில், இணக்கம் இருக்கிறது, பொருள் மட்டும் இல்லை. நாலடி ஒத்திசையுமா, ஆறடி ஒத்திசையுமா? மரம் ஒத்திசையுமா, இரும்பு ஒத்திசையுமா? கேட்டால் விடையில்லை. மந்திரத்துக்குப் பொருள் கேட்கலாகாது என்று கூறுவோரை நாம் இங்கே பார்த்துப் பழகியவர்கள். அங்கே அம்மந்திரம் ஆங்கிலத்தில் ஓதப்படுகிறது, வேறுபாடு அவ்வளவே.

பொருளற்ற சொல்லைக் கையிலே கொடுத்து ஐவரை அமர்த்தினால், அந்த ஐவரின் விருப்பும் வெறுப்பும் அச்சொல்லின் பொருளாகிவிடும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

நம் தோழர் அமைதி இழக்கவில்லை. அதே குளத்தைச் சுற்றியுள்ள வீடுகளை நடந்து பார்த்தார். மூன்று வீடுகளில் இரும்பு வேலி. இரண்டு ஐந்தடி; ஒன்று நாலடி. மூன்றையும் ஒளிப்படமெடுத்து, "இவை ஒத்திசைகின்றன எனில், என்னுடையது எங்ஙனம் ஒத்திசையாது?" என்று எழுதினார். இம்முறை விடை சற்று நீண்டு வந்தது. முதல் வேலி, குடியிருப்பைக் கட்டிய நிறுவனம் சங்கத்தைத் தன் பிடியில் வைத்திருந்த காலத்தில் அனுமதித்தது. இரண்டாம் வேலி, முன்னாள் செயற்குழு அனுமதித்தது. மூன்றாம் வேலி அனுமதியின்றியே எழுந்தது, யாரும் கவனிக்கவில்லை. ஆகவே மூன்றும் வேறு!

இவ்விடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். சிரிப்பும் சினமும் மாறி மாறி வரும்.

கட்டிய நிறுவனம் அனுமதித்ததாம். நிறுவனம் எந்தப் பத்திரத்தின்படி அனுமதித்தது? இன்றுள்ள பத்திரம் எதுவோ அதன்படியே! அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கம்பி மாறவில்லை, குளம் மாறவில்லை, கொக்கும் மாறவில்லை. அன்று இசைந்தது இன்று எப்படி இசையாமற் போகும்? வீடுகள் விற்பனையாக வேண்டிய நாளில் வாங்குவோர் கேட்டதெல்லாம் ஒத்திசைந்தது. விற்று முடிந்த பின்னர் ஒத்திசைவுக்குக் காது கூர்மையாகிவிட்டது போலும்!

முன்னாள் குழு அனுமதித்ததாம். குழுவில் இருப்போர் மாறுவர்; மாறட்டும். குழு மாறும்போதெல்லாம் விதியின் பொருளும் மாறுமெனில், விதி என்று ஒன்று எதற்கு? புதிய குழுவுக்குப் புதிய கருத்து இருக்குமானால், இனிக் குளக்கரையில் வேலி கிடையாது என்று வெளிப்படையாக எழுதி, உறுப்பினர் எல்லோருக்கும் அறிவித்து, அந்நாள் முதல் நடைமுறைப்படுத்தட்டும். அதில் நேர்மை உண்டு. எழுதாமல் மனத்தில் வைத்திருந்து, விண்ணப்பம் வந்தபின் வெளியில் எடுக்கும் விதிக்குப் பெயர் விதியன்று.

மூன்றாவது விடை இருக்கிறதே, அதுதான் நம்மை உறங்கவிடாமல் செய்தது. அனுமதியின்றி எழுந்தது, எவரும் கவனிக்கவில்லையாம்! தெருவில் நின்றால் தெரிகிற வேலி. ஆண்டுதோறும் புல்லின் உயரத்தை அளக்க வருபவர் கண்ணுக்கு ஐந்தடி இரும்பு தெரியவில்லை! இருக்கட்டும். இப்போதுதான் தெரிந்துவிட்டதே, அகற்றச் சொன்னார்களா? இல்லை. ஆக, கேளாமல் கட்டியவனுக்கு வேலி இருக்கிறது. முறையாக விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, வரைபடம் தந்து, கைகட்டி நின்றவனுக்கு வேலி இல்லை. இந்தச் சங்கம் அக்குடியிருப்பிலுள்ள ஒவ்வொருவருக்கும் இரவும் பகலும் என்ன பாடம் நடத்துகிறது? "கேட்காதே, கட்டு" என்று! விதியைக் காப்பதாகக் கூறி விதியை மதிப்பவனையே தண்டிக்கும் விந்தையை, ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

ஏனெனில் நம்மீதும் பழி உண்டு. சென்ற ஆண்டு தேர்வுத் தாள்களைத் திருத்தித் தந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரு தாள்களோடு வந்து நின்றான். ஒன்று அவனுடையது, மற்றது அவன் பக்கத்தில் அமர்பவனுடையது. ஒரே விடை, ஏறத்தாழ ஒரே சொற்கள். அவனுக்கு இரண்டு மதிப்பெண், மற்றவனுக்கு நான்கு. "ஏன் ஐயா?" என்று கேட்டான். இரவு பதினொரு மணிக்கு, கண்கள் சோர்ந்த வேளையில் திருத்தியது என்பதே உண்மையான விடை. நாமோ, "அது வேறப்பா" என்று கூறி அனுப்பிவிட்டோம். அவன் வாதாடவில்லை. தலை குனிந்து சென்றான். இன்றுவரை வகுப்பில் அவன் நம்மை வேறு கேள்வி எதுவும் கேட்டதில்லை. தோழரின் கடிதத்தைப் படித்தபோது அச்சிறுவனின் முகமே நம்முன் நின்றது. எனவேதான் சொல்கிறோம்: அது வேறு என்பது, உண்மையான காரணத்தைக் கூற நாணுகிறவன் கூறும் சொல்.

எதிர்வாதம் இல்லாமலில்லை. அதையும் மறைக்காமல் கூறுவோம். எல்லா வேலியும் ஒன்றாகிவிடாது. தெருமுனை வீட்டில் உயர்ந்த வேலி எழுந்தால் வண்டியோட்டிக்குப் பாதை மறையும். ஒரு வீட்டின் அடியில் வடிகால் ஓடும், மற்றதன் அடியில் ஓடாது. மெய்தான். ஒருமுறை தவறாகத் தந்த அனுமதி, காலமெல்லாம் தவறு செய்யும் கடமையைச் சுமத்திவிடாது. அதுவும் மெய்தான். கலிபோர்னியாவில் கைட் ஹில் என்னும் குடியிருப்பின் வழக்கை எண்ணிப் பாருங்கள். 1983இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே சிக்கல் மறுப்பால் வரவில்லை, அனுமதியால் வந்தது! பத்திரம் கூறிய வகைக்கு மாறான வேலியை ஒருவருக்குக் குழு அனுமதித்துவிட, அடுத்த வீட்டாரின் தொலைநோக்குக் காட்சி மறைந்தது, அவர்கள் வழக்காடினர். உறுப்பினரின் நலனைக் காக்கும் பொறுப்பாளர் நிலையில் இருப்பது சங்கம். அதன் முடிவு நல்லெண்ணத்தோடும் நேர்மையோடும் அமைய வேண்டும், மனம்போன போக்கில் அமையலாகாது என்று நீதிமன்றம் கூறிற்று. ஆகவே, கேட்டவர்க்கெல்லாம் கொடு என்று நாம் வாதிடவில்லை. இல்லை என்று சொல்ல உரிமை உண்டு. வடிகாலா? வடிகால் என்று எழுது. தெருமுனையா? தெருமுனை என்று எழுது. அன்று தந்தது தவறா? தவறு என்று எழுதிக் கையொப்பமிடு. ஒரு தாளும் ஒரு பேனாவும் போதுமே இதற்கு!

செயற்குழுவினர் ஊதியமின்றி உழைக்கும் அண்டை வீட்டார், அவர்களை இப்படி வாட்டலாமா என்று பரிவு காட்டுவோரும் உளர். ஊதியம் வாங்காதவர் என்பதால் காரணமும் கூறவேண்டியதில்லை என்று எந்த அறநூல் கூறுகிறது? வீட்டை ஏலமிடும் அதிகாரம் மட்டும் ஊதியமின்றி வேண்டுமோ!

இந்தக் "காரணம் கூறாமை" நேற்று முளைத்ததன்று. அதற்கு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்சஸ் நகரில் ஜே. சி. நிக்கல்ஸ் என்னும் மனைவணிகர், குடியிருப்பு விதிகளை வீட்டுப் பத்திரத்திலேயே எழுதி, அவை தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி செய்து, அவற்றைக் காக்க உரிமையாளர் சங்கங்களையும் அமைத்தார். அவ்விதிகளுள் வீட்டின் அமைப்பைப் பற்றியவை இருந்தன; கருப்பின மக்கள் வீட்டை வாங்கவோ அதில் குடியிருக்கவோ கூடாது என்பதும் இருந்தது. 1947 முதல் நியூயார்க்கை அடுத்து 17,000க்கு மேற்பட்ட வீடுகளாக எழுந்த லெவிட்டவுனைப் பாருங்கள். வேலி போடக்கூடாது, விடுமுறை நாளில் துணி உலர்த்தக்கூடாது என்றெல்லாம் கட்டளையிட்டவர்கள், வெள்ளையரல்லாதார் அங்கே குடியிருக்கலாகாது என்றும் தொடக்க கால ஒப்பந்தத்தில் அச்சிட்டனர். பணிப்பெண்ணாக வந்தால் தடையில்லையாம். குடியிருக்க வந்தால்தான் தீட்டாம்! நிலத்துக்கு வேலி வேண்டாமென்றவர், நிறத்துக்கு மட்டும் வேலி போட்டனர்.

1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இத்தகைய நிறத்தடைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னும் கொடுமை ஓயவில்லை. 1957இல் பென்சில்வேனிய லெவிட்டவுனில் மயர்ஸ் என்னும் கருப்பினக் குடும்பம் குடிபுகுந்தபோது, நூற்றுக்கணக்கானோர் வீட்டுமுன் திரண்டு கல்லெறிந்தனர். 1968இன் நேரிய வீட்டுவசதிச் சட்டம்தான் நிறத்தடையை முற்றாகச் சட்டவிரோதமாக்கிற்று.

நிறத்தடை வரி செத்தது. அதன் பக்கத்து வரி? சுற்றுப்புறத்தோடு ஒத்திசைய வேண்டும், குழு ஒப்ப வேண்டும் என்ற வரி? அது வாழ்கிறது. அந்த வரியில் குற்றமில்லாமல் இருக்கலாம். ஆனால் எதையும் மறைத்து வைக்கத்தக்க பெரிய பை அது. நம் தோழருக்கு நேர்ந்தது நிறவெறி என்று கூற நம்மிடம் சான்றில்லை, கூறவும் மாட்டோம். சான்றில்லாமல் பழி தூற்றுவது பகுத்தறிவாளர் பண்பன்று. ஆயின் இதையும் எண்ணுங்கள்: காரணம் எழுதாத முடிவில் வெறி இருந்தது என்றும் நிறுவ முடியாது, இல்லை என்றும் நிறுவ முடியாது. நேர்மையான குழுவும் நேர்மையற்ற குழுவும் ஒரே முகத்தோடு காட்சியளிக்கும். தன் நேர்மையை மெய்ப்பிக்க விரும்பும் எந்தக் குழுவும், வற்புறுத்தாமலே காரணம் எழுத முன்வர வேண்டாமா?

முன்வராததால்தான் சட்டங்கள் வந்தன. கலிபோர்னியாவில், வீட்டில் மாற்றம் செய்யக் கோரும் விண்ணப்பத்தின்மீது சங்கம் எடுக்கும் முடிவு நல்லெண்ணத்தோடு அமைய வேண்டும். அறிவுக்குப் பொருந்தாததாகவோ மனம்போன போக்கினதாகவோ இருத்தலாகாது. மறுத்தால் எழுத்தில் விளக்க வேண்டும். மறு ஆய்வுக்கு வழியும் கூற வேண்டும். புளோரிடாவில் 2024இல் வந்த திருத்தம், எந்த விதியைக் கொண்டு மறுக்கிறீர்கள் என்பதைத் திட்டவட்டமாகக் குறிப்பிடு என்கிறது. டெக்சாஸ் 2021இல் இன்னும் ஒரு படி சென்றது. 40 மனைகளுக்கு மேற்பட்ட சங்கங்களில், வீட்டமைப்பை ஆராயும் குழுவில் செயற்குழு உறுப்பினரோ, அவர்தம் வாழ்க்கைத்துணையோ, அவர் வீட்டில் உடன் வாழ்வோரோ அமரக்கூடாது. மறுப்பின் காரணத்தை எழுத வேண்டும். எப்படி மாற்றினால் ஒப்புவோம் என்பதையும் எழுத வேண்டும். முப்பது நாளுக்குள் உரிமையாளர் கேட்டால், கேட்ட முப்பது நாளுக்குள் செயற்குழு அவரை அழைத்து விசாரிக்க வேண்டும். அவ்விசாரணையை அவர் ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். அதே ஆண்டில் வந்த மற்றொரு விதி, பாதுகாப்புக்காக ஒருவர் தம் நிலத்தைச் சுற்றி வேலி அமைப்பதையே சங்கம் தடுக்கலாகாது என்கிறது. எவ்வகை வேலி என்பதில் கட்டுப்பாடு விதிக்கலாம், வேலியே கூடாதெனலாகாது.

இனி மகிழலாமோ? பொறுங்கள். அதே டெக்சாஸ் சட்டத்தில் வேறொரு பிரிவு, தன் விருப்புரிமையைச் சங்கம் பயன்படுத்தும்போது அது நியாயமாகவே பயன்படுத்தியது என்று முதலில் கொள்ள வேண்டும் என்கிறது. மனம்போன போக்கு, பாரபட்சம் என்று மெய்ப்பிக்கும் சுமை வீட்டுக்காரன் தலையில்! வழக்கறிஞருக்குச் சங்கம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கும் அவன் கட்டிய சந்தாவே. அவன் காசில் அவனுக்கே எதிர்வாதம். இப்பிரிவைத்தான் நாம் முதன்மையாக எதிர்க்கிறோம். ஒரே குளக்கரையில் ஒரே வேலி ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை என்று காட்டப்பட்ட அந்த நொடியிலேயே சுமை தோள் மாற வேண்டும். வேறுபடுத்தியவரே வேறுபாட்டுக்கு விடை சொல்ல வேண்டும்.

நம்மவர் பக்கமும் திரும்புவோம். டெக்சாசிலும் கலிபோர்னியாவிலும் நியூசெர்சியிலும் இத்தகைய குடியிருப்புகளில் வாழும் தமிழர் ஏராளம். நம் தோழர் இச்செய்தியைச் சொன்னதும் அவர்களுள் சிலர் தந்த அறிவுரை என்ன? "தலைவரை ஒருநாள் விருந்துக்கு அழையுங்கள். அவருக்கு நம் பிரியாணி பிடிக்கும்." கடல் கடந்தும் இந்தப் புத்தி கரையவில்லையே! உரிமையாகக் கேட்க வேண்டியதைச் சலுகையாகப் பெற்றுக்கொண்டு, பெற்றபின் வாய்மூடிக் கிடப்பதால்தான் "அது வேறு" என்போர் பெருகுகின்றனர். பிரியாணியால் எழும் வேலி, பிரியாணி சமைக்கத் தெரியாத அடுத்த வீட்டானுக்கு எதிரான அநீதி. பொங்கல் விழாக் குழுவில் இடம்பிடிக்க முந்துவோர், தம் வீட்டையே ஏலமிடத்தக்க சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குச் செல்வதில்லை. ஆளில்லாத கூட்டத்தில் ஐந்து பேர் அரசராவது வியப்பா?

அங்கே செல்லவிருக்கும் இளைஞர்கள் நம் வாசகருள் பலர் உளர். அவர்களுக்குச் சில சொற்கள். வீடு வாங்குமுன் பத்திரத்தின் விதிகளைப் படியுங்கள். கேளாமல் கட்டிவிட்டுப் பின்னர் வாதாடாதீர்கள். அது உங்கள் வழக்கை நீங்களே தோற்பது. விண்ணப்பத்தை நாள் குறித்து, பெற்றுக்கொண்டதற்குச் சான்றோடு அளியுங்கள். வாய்மொழி விடையை விடையாகக் கொள்ளாதீர்கள். இதற்குமுன் வழங்கிய அனுமதிகளின் பதிவுகளையும் கூட்டக் குறிப்புகளையும் பார்க்க எழுத்து மூலம் கேளுங்கள். அண்டை வீட்டு வேலியைக் காட்டும்போது, அதை இடிக்கச் சொல்லாதீர்கள்; அவர் உங்கள் சான்று, பகைவரல்லர்.

தோழருக்கும் நமக்கும் இதில் ஒரு பிணக்கு உண்டு. முதல் விண்ணப்பத்தில் மகனைப்பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. "இரக்கத்தால் வரும் வேலி எனக்கு வேண்டாம், மூன்று வீட்டாருக்கு எந்த விதிப்படி கொடுத்தார்களோ, அந்த விதிப்படி எனக்கும் வேண்டும்" என்று எழுதினார். அந்தச் செருக்கை நாம் மதிக்கிறோம். ஆயினும் அவர் கணக்கு தவறு என்று விடை எழுதினோம். 1988இல் திருத்தப்பட்ட வீட்டுவசதிச் சட்டம், உடற்குறையோ மனக்குறையோ உடையவர் வாழும் வீட்டுக்காக விதிகளில் தக்க தளர்வு தருவதைச் சங்கத்தின் கடமையாக்கியிருக்கிறது. மறுத்தால் ஓராண்டுக்குள் நடுவண் அரசின் வீட்டுவசதித் துறையிடம் முறையிடலாம், அதற்குக் கட்டணமில்லை. சட்டம் தருவது இரக்கமன்று. குழந்தையின் உயிரைக் காக்க அதைக் கையாள்வதில் இழிவு எங்கே வந்தது? பத்து நாள் விடையில்லை. பின்னர் ஒரு வரி வந்தது: "இரண்டையும் கேட்கிறேன். மகனுக்கான தளர்வு தனித் தாளில். மூன்று வேலிகளின் கேள்வி தனித் தாளில். முதல் தாளுக்கு ஒப்புக்கொண்டாலும் இரண்டாம் தாளுக்கு விடை தந்தாக வேண்டும். மகனில்லாத வீட்டானும் நாளைக்கு இதே கேள்வியைக் கேட்பான்."

விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஒலிப்பதிவுக் கருவியும் மூன்று ஒளிப்படங்களும் இரண்டு தாள்களும் எடுத்துவைத்திருக்கிறார். மகனைக் கரையிலிருந்து தூக்கிவந்த மூதாட்டி தாமே உடன் வருவதாகக் கூறியிருக்கிறார். அந்நாள் வரை, பின்கதவில் இரண்டு தாழ்ப்பாள். மேலே ஒரு மணி. நள்ளிரவில் மணி ஒலித்தால், கணவனும் மனைவியுமாக யார் முதலில் விழிக்கிறாரோ அவர் எழுந்து ஓடுகிறார்.